தொட்டியின் வெளியழுத்தக் கணக்கில் எல்லா அளவுகளையும் ஒரே அலகுக்கு மாற்றிவிட்டால் போதுமா?

போதாது. விட்டம் மீட்டரிலும் தகட்டின் தடிமன் மில்லிமீட்டரிலும் இருப்பதால் இரண்டையும் மீட்டராக்கிச் சூத்திரத்தில் இடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தொட்டித் தரநிலையான ஏபிஐ 650-இல், வெளியிலிருந்து தொட்டியை நசுக்கும் அழுத்தத்துக்கான பிற்சேர்க்கையான அனெக்ஸ் வி-யை வைத்துத்தான் கணக்கிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சூத்திரத்தின் மாறிலிக்குள்ளேயே அலகு மாற்றம் அடங்கியிருக்கிறது. நீங்கள் மறுபடி மாற்றினால் விடை முற்றிலும் கெட்டுவிடும்.

மூலச் சமன்பாட்டில் இருப்பவை 2.6 என்ற எண்ணும் 0.8 என்ற குறைப்பும். அவை இரண்டின் பெருக்கத்தை எடுத்து, தகட்டின் மீள்மைக் குணகத்தின் மெகாபாஸ்கலைக் கிலோபாஸ்கலாக்க ஆயிரத்தால் பெருக்கி, மீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும் உள்ள விகிதத்துக்காக ஆயிரத்தின் 2.5 அடுக்கால் வகுத்தால், 15203-இல் ஒரு பங்கு வரும். அடி, அங்குலம், பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) ஆகியவற்றை இட்டு, விடையைச் சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்று பெறும் வடிவத்தில் அதே மாறிலி 0.6 ஆகிறது. தயவுசெய்து இதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மூடிய தண்ணீர்த் தொட்டிக்கான கணக்குத்தாள் சரிபார்ப்புக்காக என்னிடம் வந்தது. விட்டம் 8 மீட்டர், உயரம் 6 மீட்டர், தகடு 5 மில்லிமீட்டர். வடிவமைத்தவர்கள் மீட்டர், மில்லிமீட்டர், மெகாபாஸ்கல் அளவுகளை இட்டுவிட்டு 0.6-ஐ அப்படியே விட்டிருந்தார்கள். எக்செல் கட்டத்தில் 49,411 என்று வந்திருந்தது. அதைப் பாஸ்கல் என்று கொண்டு, தொட்டி 49 கிலோபாஸ்கல் தாங்கும் என எழுதியிருந்தார்கள். சூத்திரத்தின் நிலைத்தன்மைக் காரணியை (நெளிவுக்கு எதிரான பாதுகாப்பு எண்) 1 என்றே வைத்தாலும் சரியான விடை 5.4 கிலோபாஸ்கல்தான், காரணி கூடினால் அதுவும் குறையும். அனெக்ஸ் வி-யின் உச்ச வரம்பே 6.9 கிலோபாஸ்கல் என்னும்போது 49 என்ற எண் யார் கண்ணையும் உறுத்தவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

மலையில் இது வெறும் தாள் பிழையாக நிற்பதில்லை. அந்தத் தொட்டியின் வெளியேற்றுக் குழாய் சரிவில் 4 மீட்டர் கீழே இறங்கியது. தொட்டிக்குள் காற்று போய்வரும் வென்ட்டின் வலையைச் சருகு அடைத்துக்கொண்டால், குழாயில் நிறைந்து இறங்கும் தண்ணீர் தொட்டிக்குள்ளிருந்து 39 கிலோபாஸ்கல் வரை உறிஞ்சப் பார்க்கும். 49 என்று நம்பியவருக்கு அது தாங்கக்கூடிய சுமை. உண்மையில் ஏழு மடங்கு மீறல். தகட்டைத் தடிமனாக்குவது இதற்குத் தீர்வல்ல என்பதால், இரண்டாவது வென்ட்டும், குழாயின் மேல்முனையில் காற்று புகும் வால்வும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று சிலர் மறுக்கக்கூடும். எக்செலுக்கு எண் தெரியுமே தவிர அலகு தெரியாது. வரைபடங்களில் ‘பிரஷர் இத்தனை கிலோ’ என்று மட்டும் எழுதி, அது கேஜ் அழுத்தமா (சுற்றியுள்ள காற்றழுத்தத்தை ஒப்பிட்டது) தனி அழுத்தமா (வெற்றிடத்திலிருந்து அளந்தது) என்பதைச் சொல்லாமல் விடும் வழக்கமும் ஒழிய வேண்டும். உள்ளே தனி அழுத்தம் 79 கிலோபாஸ்கல் என்றால், கடல்மட்டத்தின் 101.3-இலிருந்து கழிப்பவர் 22 என்பார். கோத்தகிரி உயரத்தில் வளிமண்டல அழுத்தமே ஏறத்தாழ 81-தான். ஆகவே தகட்டின் மீது வரும் வேறுபாடு 2 கிலோபாஸ்கல். நான் சொன்னது தொட்டியின் சுற்றுச்சுவர்த் தகட்டின் நெளிவுக் கணக்கை மட்டுமே. கூரைக்கும் காற்றுச் சுமைக்கும் தனிக் கணக்கு உண்டு, அங்கேயும் மாறிலிகளை இதேபோல் பிரித்துப் பார்த்த பிறகே எண்களை இடுங்கள்.