பிளேக்கின் சாதுவான புலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி நாட்களில் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் ‘புலி’ கவிதையை மனப்பாடம் செய்தவன் நான். இருட்டுக் காட்டில் கனன்று எரியும் அந்தப் புலி இன்றும் மனதில் இருக்கிறது. சமீபத்தில் பிளேக்கே படத்துடன் அச்சிட்ட பக்கத்தை இணையத்தில் பார்த்து ஏமாந்துபோனேன். துணிப்பொம்மை மாதிரி ஒரு புலி. அவருக்குப் புலி வரைய வராதா? படமில்லாமல் வாசிப்பதே நல்லது என்று தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

வரைய வராதவர் அல்ல. 14 வயதில் செதுக்கோவியரிடம் சேர்ந்து 7 ஆண்டுகள் தொழில் பழகியவர். பிற்காலத்தில் அவர் வரைந்த ‘தெள்ளுப்பூச்சியின் ஆவி’யைப் பாருங்கள், குலைநடுங்கும். ஆகவே இந்தப் புலி வேண்டுமென்றே சாதுவாக்கப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். கவிதை முழுக்கக் கேள்விகள்தான். ஆட்டுக்குட்டியைப் படைத்தவனா உன்னையும் படைத்தான் என்று ஒருவன் நடுங்கிக் கேட்கிறான். கீழே புலி பேசாமல் நிற்கிறது. பயங்கரம் புலியிடம் இருக்கிறதா, பார்ப்பவனிடமா? இந்தச் சந்தேகத்தைக் கிளப்புவது படம்தான்.

அன்றைய வழக்கத்தில் எழுத்தை ஒருவர் அச்சுக்கோர்ப்பார், படத்தை இன்னொருவர் செதுக்குவார். பிளேக் இரண்டையும் ஒரே செப்புத் தகட்டில் கொண்டுவந்தார். அமிலம் அரிக்காத திரவத்தால் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் தலைகீழாக எழுதி, அதே கையோடு கொடியும் இலையும் வரைவார். தகட்டை அமிலத்தில் இட்டால் மற்ற இடங்கள் அரிபட்டு, எழுதியதும் வரைந்ததும் மேடாக நிற்கும். அதில் மையிட்டு அச்செடுத்து, அவரும் மனைவி கேத்தரினும் நீர்வண்ணம் தீட்டுவார்கள். இந்தப் பக்கங்களில் எழுத்தின் வாலிலிருந்தே கொடி கிளம்புவதைக் காணலாம். கவிதை முடிந்தபின் ஒட்டவைத்த படமல்ல அது.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று, ‘புலி’ இடம்பெற்ற அதே 1794 தொகுப்பில் உள்ள ‘லண்டன்’ கவிதை. கவிதையில் கேட்பவை எல்லாம் ஓலங்கள்: புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் கூவல், படைவீரனின் பெருமூச்சு, இளம் விலைமகளின் சாபம். படத்திலோ ஊன்றுகோலோடு கூனிய ஒரு கிழவரை ஒரு குழந்தை வழிநடத்துகிறது. அவர்களைப் பற்றிக் கவிதையில் ஒரு சொல்கூட இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின், 100 தகடுகள் கொண்ட ‘ஜெருசலேம்’ காவியத்தில், குருடாகி மூப்பில் கூனிப்போன லண்டன் நகரமே ஒரு குழந்தை வழிநடத்த பாபிலோன் தெருக்களில் பிச்சையெடுக்கிறது என்று எழுதுகிறார். படம் முதலில் வந்தது, சொல் பின்னால் வந்து சேர்ந்தது. இதைக் கண்டபிறகு பிளேக்கைப் படமில்லாமல் வாசிக்க என்னால் முடிவதில்லை.

இணையத்தில் உள்ள வில்லியம் பிளேக் ஆவணக் காப்பகத்தில் ஒரே கவிதையின் பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கையால் தீட்டியவை என்பதால் புலியின் நிறம் பிரதிக்குப் பிரதி மாறும். நாலைந்து பிரதிகளையாவது பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.