முதல் போடுகிறவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

கேள்வி: நல்ல வேலையை விட்டுவிட்டு, நானே வடிவமைத்த ஒரு கருவியைத் தயாரித்து விற்க நினைக்கிறேன். ‘பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேர்’ என்று எங்கள் சபை மூப்பர் எச்சரிக்கிறார். ஆனால் சபையார் சிலர் முதல் போடத் தயார். ஜெபித்துத் தொடங்கினால் கர்த்தர் வாய்க்கப்பண்ணுவார் அல்லவா?

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். மூப்பர் சொன்ன வசனம் பண ஆசையைத்தான் கண்டிக்கிறது. அந்த ஆசை மாதச் சம்பளக்காரருக்கும் வரும். ‘தேவ ஆவியினால் நிரப்பினேன்’ என்று கர்த்தர் முதன்முதலில் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ஒரு கைவினைஞனைத்தான். பொன்னிலும் மரத்திலும் புதிய வேலைப்பாடுகளை யோசித்துச் செய்த பெசலெயேல் அவன் (யாத்திராகமம் 31). பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்தார். பிலிப்பியில் அவருக்கு வீட்டைத் திறந்துவிட்ட லீதியாள் இரத்தாம்பரம் என்ற ஊதாத் துணி விற்ற வியாபாரி. ஆகவே அந்தக் குற்ற உணர்வை விடுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிதான். ஜெபித்தால் லாபம் நிச்சயம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று இயேசுவே கேட்கிறார் (லூக்கா 14). அந்தக் கணக்கைப் போட்டீர்களா? கருவி ஒரு வருடம் விற்காமல் கிடந்தால் வேலையாட்களுக்கு எதிலிருந்து கூலி கொடுப்பீர்கள்? கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19. முதலீடு வந்ததும் தருகிறேன் என்று சொல்ல அந்தக் கட்டளையில் இடமே இல்லை.

அப்புறம், சபையாரின் பணம். அவர்கள் உங்கள் கருவியை ஆராய்ந்து பார்த்தா பணம் தருகிறார்கள்? நீங்கள் சாட்சி சொல்லும் ‘பிரதர்’ என்பதால் தருகிறார்கள். இதுதான் ஆபத்து. தொழில் நொடித்தால் போட்ட பணத்தோடு அவர்களுடைய விசுவாசமும் அடிபடும். ‘கர்த்தர் காட்டிய தொழில்’ என்று சொல்லிப் பணம் கேட்காதீர்கள். போட்ட முதல் முழுவதும் போகலாம் என்பதை வாயால் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். ஓய்வூதியத்தையோ மகளின் கல்யாணத்துக்கு வைத்திருப்பதையோ ஒருவர் நீட்டினால், எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் வாங்காதீர்கள்.

பெசலெயேலோடு வேலை செய்தவர்கள், கர்த்தருக்கான கூடார வேலைக்கு ஜனங்கள் தேவைக்கு மேல் காணிக்கை கொண்டுவருகிறார்கள் என்று மோசேயிடம் தாங்களாகவே போய்ச் சொன்னார்கள். மோசே கட்டளையிட, வசூல் நிறுத்தப்பட்டது (யாத்திராகமம் 36). உங்களுக்கு எவ்வளவு போதும் என்ற தொகையை இப்போதே குறித்து, அந்த மூப்பரிடமே காட்டுங்கள்.