பழைய பம்புக்கு ரெகுலேட்டர் வேண்டாம்

வீட்டைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர்களில் ஒரே ஒரு அறையின் வால்வு மட்டும் திறந்திருந்தால் குழாயில் உஸ்ஸென்று சத்தம், அந்த நீரைச் சுற்றவிடும் பழைய பம்பிலேயே ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒன்றைப் போட்டுக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. அது கெப்பாசிட்டர் மோட்டார், வோல்டேஜைக் குறைத்தால் சூடேறலாம், சில நேரம் கிளம்பவே கிளம்பாது. பேசாமல் ஈசிஎம் பம்பாக (மின்னணு முறையில் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மோட்டார் உள்ளது) மாற்றிவிடுங்கள். வால்வுகள் மூட மூட அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வேகம் பாதியானால் கரண்டு செலவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் (ஏட்டுக் கணக்கு, நிஜத்தில் கொஞ்சம் கூடும்). ரேடியேட்டர் என்பதால் ப்ரொபோர்ஷனல் பிரஷரில் (நீரோட்டம் குறையக் குறைய அழுத்தத்தையும் குறைக்கும் செட்டிங்) வையுங்கள். பாய்லருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு நீரோட்டம் தேவை என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள், அதற்குக் கீழே போகும் என்றால், ரேடியேட்டர்களுக்குப் போகாமல் நீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு கட்டாயம். அப்புறம், குழாயில் கறுப்புச் சேறு இருந்தால் முதலில் கழுவிவிட்டு ஒரு காந்த ஃபில்டர் போடுங்கள், இந்த ஈசிஎம் பம்பின் ரோட்டரே (உள்ளே சுழலும் பகுதி) காந்தம், இரும்புத் துகளெல்லாம் அதில்தான் போய் ஒட்டும்.