எதன் வரிசை?

கேள்வி: என் மகள் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தில் வரிசை 2×3 என்று வருகிறது. வகைக்கெழுச் சமன்பாட்டில் (டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்) வரிசை 2. வரிசை மாற்றம் (பெர்முடேஷன்) வேறு இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா என்று கேட்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஒன்றல்ல. அவள் குழம்புவதும் நியாயம்தான். ஆங்கிலத்தின் 'ஆர்டர்' வந்த இடத்திலெல்லாம் நாம் 'வரிசை' என்றே எழுதிவிட்டோம். 'டிகிரி'யை மட்டும் கோணத்துக்குப் பாகை, பல்லுறுப்புக்கோவைக்குப் படி என்று அழகாகப் பிரித்தோம். அந்தக் கவனம் இங்கேயும் இருந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வரிசைச் சோடி, வரிசை மாற்றம், தொடர்வரிசை மூன்றும் ரேஷன் கடை வரிசை மாதிரி: யார் முன், யார் பின் என்பதே விஷயம். அதனால்தான் (2, 3) வேறு, (3, 2) வேறு.

மற்ற இடங்களில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. அங்கே வரிசை ஓர் அளவு. 'எதன் வரிசை?' என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அணியின் வரிசை என்றால் குறுக்கே எத்தனை நிரை, நெடுக்கே எத்தனை நிரல் என்பது, அவ்வளவுதான்.

மதிப்பெண் போவது வகைக்கெழுச் சமன்பாட்டில். அங்கே வரிசை என்பது எத்தனையாவது வகைக்கெழு வரை போகிறது என்பது. படி என்பது அந்த உயர்ந்த வகைக்கெழுவின் அடுக்கு. 'இரண்டாம் வகைக்கெழு + முதல் வகைக்கெழுவின் கனம் = 0' என்றால் வரிசை 2, படி 1. கனத்தைப் பார்த்ததும் படி 3 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. 'இரண்டாம் வகைக்கெழு = முதல் வகைக்கெழுவின் வர்க்கமூலம்' என்றால் முதலில் இருபுறமும் வர்க்கப்படுத்தி மூலத்தை நீக்க வேண்டும். அப்புறம் பார்த்தால் வரிசை 2, படியும் 2.

கல்லூரியில் கணிதம் எடுத்தால் குலத்தின் (குரூப்) வரிசை என்று இன்னொன்று வரும். கடிகாரத்தின் 12 மணிகளை ஒரு குலமாக எடுத்தால் அதன் வரிசை 12, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கை. ஆனால் 8 என்ற உறுப்பின் வரிசை 3. பன்னிரண்டில் தொடங்கி எட்டெட்டு மணியாக நகர்த்தினால் 8, 4, மூன்றாவது முறை மறுபடி 12. ஒரே பக்கத்தில் இரண்டு அர்த்தமும் வரும். அங்கேயும் 'எதன்' என்ற கேள்விதான் கைகொடுக்கும்.