பாபநாசத்து அருவியும் களக்காட்டு மலையும்: பழைய அச்சுப்படங்கள் பற்றிய கேள்வி பதில்

அம்பாசமுத்திரம் வாசகர்: பாட்டனார் வீட்டுப் பரணில் பாபநாசம் அருவியின் வண்ணப்படம் ஒன்று கிடைத்தது. டேனியல் வரைந்த அசல்தானா?

ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தென்னாட்டுக்கு வந்து வரைந்தவற்றுள் பாபநாசமும் குற்றாலமும் உண்டு. 1795 முதல் 1808 வரை லண்டனில் ஆறு பகுதிகளாக வெளியான 144 படங்களில், நம் பக்கத்துக் காட்சிகளும் இடம்பெற்றன. அவற்றின் மறுபதிப்புகள் ஏராளம் என்பதால் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் எதையும் நம்பாதீர்கள்.

அப்படங்கள் அச்சான அக்குவாடிண்ட் என்னும் முறையில் செப்புத் தகட்டின்மேல் பிசின் தூளைப் படியவைத்துச் சூடாக்கி ஒட்டச் செய்வார்கள். பிறகு அமிலம் தூள்மணிகளைச் சுற்றியுள்ள செம்பை மட்டும் அரிக்கும். ஆகவே அசலில் வானப் பகுதியைப் பெருக்கிப் பார்த்தால், வெண்ணிறத் துளிகளைச் சூழ்ந்து ஒழுங்கில்லாத மெல்லிய வலை தெரியும். அளந்து வைத்தாற்போல் வண்ணப் புள்ளிகள் வரிசையாக நின்றால் அது பிற்கால ஆஃப்செட் என்னும் இயந்திர அச்சு. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தாள் செய்த ஜே. வாட்மனின் பெயர் நீர்க்குறியாகவும் தெரியலாம். சட்டத்துக்குப் பொருந்தவில்லையென்று ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். தகடு அழுத்திய பள்ளமும், வெளியிட்டவர் பெயரும் தேதியும் உள்ள பதிப்பு வரியும் அங்கேதான் இருக்கும்.

வள்ளியூர் வாசகர்: இதற்கு என்ன விலை கிடைக்கும்?

விலை சொல்வது என் துறையன்று.

தென்காசி வாசகர்: என்னிடமுள்ள கோயில் படத்தின் பின்புறம் ஆங்கிலச் செய்தி அச்சாகியிருக்கிறது. டேனியலுடையதா?

அன்று. வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த மரச்செதுக்கு அச்சு அது. அவ்வகைப் பத்திரிகைகளில் முன்னோடியான இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் தொடங்கியதே 1842-இல். வில்லியம் டேனியல் 1837-இலேயே இறந்துவிட்டார். உங்கள் படத்தில் வண்ணம் இருந்தால் பெரும்பாலும் பிற்கால வியாபாரி பூசியதாக இருக்கும்.

களக்காடு வாசகர்: ‘களக்காட்டருகே கண்ட கன்னியாகுமரி’ என்று ஒரு படம் இருக்கிறது. எங்கள் ஊரில் நின்றால் குமரிக்கடல் தெரியாது. வெள்ளைக்காரர் கற்பனையில் வரைந்ததைச் சரித்திரச் சான்றாக எப்படி ஏற்பது?

கடல் தெரியும் என்று அத்தலைப்பு எங்கே வாக்களித்தது? குமரிமுனையை நோக்கி இறங்கும் மலைத்தொடரையே அவர்கள் வரைந்தார்கள். டேனியல்கள் இருட்டறைப் பெட்டி கொண்டு உருவத்தைத் தாளில் விழச்செய்து வரைந்தவர்கள். தமக்கு முன்னே இந்தியா வந்த ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸின் படங்களை அந்தந்த இடங்களிலேயே ஒப்பிட்டு, பிழையென்று குறைகூறியவர்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர் மீண்டும்: களக்காட்டார் சொல்வது சரிதான். பாபநாசத்தில் இவ்வளவு தண்ணீரை நானே கண்டதில்லை.

நீங்கள் கண்டது அணைக்குக் கீழேயுள்ள அருவி. மேலே அணை கட்டப்பட்டது இருபதாம் நூற்றாண்டில். 1792-இல் பொருநை என்னும் தாமிரபரணி தடையின்றி விழுந்தது. அதை விட்டுவிட்டு ஓவியரைப் பொய்யர் என்பது நியாயமில்லை.

ஆயினும் உங்கள் ஐயத்தில் ஒரு பாதி நியாயமானது. முன்புறத்து மரத்தையும் மனிதர்களையும் காட்சிக்கு அழகாக இடம்மாற்றி அமைப்பது அக்காலத்து ஓவியர்களின் வழக்கம். வண்ணமோ, தாமிரபரணியைக் கண்ணாலும் பாராத லண்டன் பணியாளர்கள் பிரதிதோறும் கையால் தீட்டியது. ஒரே அருவிப் படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் வேறுவேறாக இருக்கக் கண்டிருக்கிறேன். ஆகவே பாறையின் அமைப்பையும் மலையின் கோட்டையும் சான்றாகக் கொள்ளலாம், வயலின் பச்சையைக் கொள்ளக்கூடாது என்பதே என் முடிவு.

மேலப்பாளையம் வாசகர்: பழுப்புப் புள்ளிகளைப் போக்க வெளுப்புத் தூள் போடலாமா?

கூடாது. லேமினேஷனும் கூடாது. சாரல் காலத்து ஈரச்சுவரில் மாட்டவும் கூடாது. வேறு வேலை எதுவும் தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடமே.

திருநெல்வேலி டவுண் வாசகர்: வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அனுப்பலாமா?

நூறாண்டு கடந்த கலைப்பொருளுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். தொல்லியல் துறையிடம் எழுதிக் கேளுங்கள்.

நாங்குநேரி வாசகர்: அசலை எப்படி அறிவது?

முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: ஓரம் சட்டத்தில் அடங்கவில்லை, கொஞ்சம் நறுக்கலாமா?

சட்டத்தை மாற்றுங்கள், ஐயா.