எட்.டி. சேரும் முன் சிலபஸைக் கேட்டு வாங்குங்கள்

எட்.டி., அதாவது கல்வித் துறையில் பணியாற்றுவோருக்கான முனைவர் பட்டம், படிக்க நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விவரங்களையும் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் முதல் பத்தியிலேயே ‘சமூக நீதி’ வந்துவிடுகிறது. எல்லாரும் இதையே சொன்னால் உண்மையில் சொல்லித் தருபவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டணம் எவ்வளவு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எல்லா விளம்பரத்திலும் இந்தச் சொல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பி.எச்டி.க்கும் எட்.டி.க்கும் என்ன வித்தியாசம் என்பதே அமெரிக்காவில் வெகுகாலம் குழப்பமாக இருந்தது. எட்.டி. என்றால் ‘கொஞ்சம் இளைத்த பி.எச்டி.’ என்ற இளக்காரமும் இருந்தது. அதைச் சீர்படுத்த 2007-ல் கல்விக்காக இயங்கும் கார்னகி அறக்கட்டளையின் துணையோடு ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் அதில் உறுப்பினர்கள். அது வகுத்த ஆறு கொள்கைகளில் முதலாவதே, இந்தப் பட்டப்படிப்பு சமத்துவம், அறம், சமூக நீதி பற்றிய கேள்விகளைச் சுற்றி அமைய வேண்டும் என்பது. ஆகவே உறுப்பினரான எந்தப் பல்கலைக்கழகமும் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் ஆகும். அது இருப்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் அதுவே ஒரு தகவல். ‘சமூக நீதியும் தலைமைத்துவமும்’ என்று ஒரே ஒரு பாடம் முதல் பருவத்தில் வந்து, பிறகு நிதி, பள்ளிச் சட்டம், புள்ளியியல் பாடங்களில் அந்தப் பேச்சே இல்லையென்றால் எனக்கு அந்தப் படிப்பின் மேல் நம்பிக்கை வராது. பள்ளியில் அநீதி நடப்பது பெரும்பாலும் நிதியிலும் கால அட்டவணையிலும்தான்! புதிதாகச் சேர்ந்த ஆசிரியரை எந்த வகுப்புக்குப் போடுகிறோம், எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவுக்கு யாரை அனுப்புகிறோம், திறன்மிகு மாணவர் பட்டியலுக்கு யார் பெயரைப் பரிந்துரைக்கிறோம் என்பதையெல்லாம் பள்ளி உதவி முதல்வரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். மாணவர்களின் இடைநீக்கப் பதிவுகளை எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் பள்ளிவாரியாகத் திரட்டும் தரவு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. 2017-18 கணக்குப்படி அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பின மாணவர்கள் சுமார் 15%. பள்ளியை விட்டு வெளியே இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் சுமார் 38%. சாதாரண வகுப்பு இதைப் பார்த்து வருத்தப்பட்டுக் கலைந்துவிடும். நல்ல பேராசிரியர் அடுத்ததாக அவரவர் சொந்தப் பள்ளியின் பதிவில் ‘காரணம்’ என்ற கட்டத்தைப் பார்க்கச் சொல்வார். சண்டை, ஆயுதம் என்றால் ஒரு மாதிரி. ‘கீழ்ப்படியவில்லை’, ‘எதிர்த்துப் பேசினான்’ என்பவை எழுதியவரின் பார்வையைப் பொறுத்தவை. அவற்றை மட்டும் தனியே பிரித்து, எந்த வகுப்பறையிலிருந்து, எந்த மணி நேரத்தில், யார் எழுதி அனுப்பினார்கள் என்று அடுக்கச் சொல்வார். பிறகுதான் கேட்பார்: திங்கட்கிழமை நீங்கள் எதை மாற்றுவீர்கள்? கலிபோர்னியா இந்தக் காரணத்தைச் சட்டத்தாலேயே கட்டுப்படுத்தியது. வேண்டுமென்றே கீழ்ப்படியவில்லை என்பதற்காக இடைநீக்கம் செய்வதை 2015-ல் மூன்றாம் வகுப்பு வரை நிறுத்தி, படிப்படியாக விரித்து, 2024 ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பையனைப் பள்ளி முதல்வர் என்ன செய்வது என்பது அடுத்த வாரத்துக்கான விவாதம். இந்த இடம் வரை வராத பாடம் வெறும் சொற்பொழிவு.

அடுத்து ஆய்வேடு. அந்தத் துறையில் அண்மையில் முடித்தவர்களின் ஆய்வேடுகள் நான்கைந்தைப் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் தேடிப் படியுங்கள். கடைசி அத்தியாயத்தில் எழுதியவரின் சொந்தப் பள்ளியில் ஏதாவது மாறியதா, மாறாவிட்டால் ஏன் என்று இருக்கிறதா பாருங்கள். தன் பள்ளியிலேயே ஆய்வு செய்வதில் ஒரு சிக்கலும் உண்டு. உங்கள் கீழ் வேலை செய்யும் ஆசிரியரை நீங்களே நேர்காணல் எடுத்தால், ‘முடியாது’ என்று சொல்ல அவருக்கு எங்கே துணிச்சல் வரும்? இதை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று சேர்க்கை நேர்காணலில் நீங்களே கேளுங்கள். விவரமான பதில் வந்தால், நீதி என்பதை அவர்கள் தங்கள் மாணவர்களுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் ஒன்று டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்ள பன்முகத்தன்மை அலுவலகங்களை (இன, பாலின வேறுபாடின்றி எல்லாருக்கும் இடம் கிடைக்கப் பாடுபடுபவை) மூடச் சொல்லும் சட்டம் அங்கே 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வகுப்பறைப் பாடத்துக்கும் ஆய்வுக்கும் அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. ஆனாலும் பாடங்களின் பெயர் மென்மையாகியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பெயர் போனதால் பாடம் போய்விட்டது என்றோ, பெயர் இருப்பதால் பாடம் இருக்கிறது என்றோ எண்ணிவிடாதீர்கள். நீங்கள் எழுத நினைக்கும் தலைப்பைச் சொல்லி, அதற்கு வழிகாட்ட முன்வரும் பேராசிரியர் யார் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இது அரசியலாகிவிடுமோ, நாளைக்கு உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியம் என்னைச் சந்தேகிக்குமோ என்ற பயத்தையும் எழுதியிருந்தீர்கள். ஓரளவு நியாயமான பயம்தான். வாரியத்தின் முன் கோட்பாட்டுச் சொற்களை எடுத்துக்கொண்டு போகாமல் சொந்தப் பள்ளியின் எண்களோடு போகிறவருக்குப் பேச இடம் கிடைக்கிறது என்பது என் கணிப்பு. முன்பு சொன்ன மாதிரி வகுப்புகள் அதற்குத்தான் பயிற்சி.

கடைசியாக ஒன்று: பட்டம் வேறு, உரிமம் வேறு. பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி) பதவிதான் இலக்கு என்றால், பல மாநிலங்களில் அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், இந்த எட்.டி. அதை உள்ளடக்கியதா என்று முதலிலேயே உறுதிசெய்யுங்கள். ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் முழுநேரப் பேராசிரியராவதுதான் கனவு என்றால் பி.எச்டி. பக்கம் பார்ப்பது நல்லது. இரண்டில் எது என்று சொல்லிவிட்டு, மூன்று சிலபஸும் கைக்கு வந்ததும் அனுப்புங்கள்; சேர்க்கைக் கட்டுரையை அதற்குப் பிறகு தொடங்கலாம்.