தண்ணீர் வருமுன் அளவைக் கேளுங்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை விவசாயி நான். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் வாய்க்காலைத் தூர்வாரியதாகப் பலகை வைக்கிறார்கள். தண்ணீர் மட்டும் வந்து சேர்வதில்லை. மாநிலத்தின் கடனோ ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கடனையும் வீண்செலவையும் என்னைப் போன்றவர்கள் எப்படி எதிர்ப்பது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி, 2026 மார்ச் இறுதியில் தமிழக அரசின் நிலுவைக் கடன் சுமார் 9.3 லட்சம் கோடி ரூபாய். அந்த ஓராண்டு வட்டிக்கு மட்டும் 70 ஆயிரம் கோடிக்கு மேல் போகிறது. சாலை, பாலம், மதகு, கட்டடம் என்று நிலைத்து நிற்கும் மூலதனச் செலவுக்கு ஒதுக்கியதோ 57 ஆயிரம் கோடிதான். வருவாய்ப் பற்றாக்குறை 41 ஆயிரம் கோடியைத் தாண்டுகிறது. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறோம் என்று அர்த்தம். இது நிற்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

எல்லாக் கடனும் கேடு என்று சொல்ல மாட்டேன். உங்கள் பகுதியிலேயே வெண்ணாறு உபவடிநிலத்துக்காக (வெண்ணாறும் அதன் கிளைகளும் பாயும் பகுதி) ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 10 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு ஆகியவற்றின் கரைகளும் மதகுகளும் அந்தத் திட்டத்தில் வந்தவை. கட்டிய மதகு அடுத்த தலைமுறைக்கும் வேலை செய்தால் அந்தக் கடனுக்குப் பொருள் உண்டு. ஆண்டுதோறும் செலவழித்தும் அடுத்த ஆண்டுக்கு ஒன்றும் மிஞ்சாத வேலையைத்தான் நாம் விடக்கூடாது.

அதனால் “கடன் வாங்காதே” என்று மனு எழுதுவதைவிட, உங்கள் வாய்க்காலின் ஒரே ஒரு பில்லைப் பிடியுங்கள். இதில் காலம்தான் முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது. தண்ணீர் வந்துவிட்டால் எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பதை அளக்கவே முடியாது. சாட்சி தண்ணீருக்கு அடியில் போய்விடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஜூனில் எழுதினால் பதில் வரும்போது வாய்க்கால் நிரம்பியிருக்கும். வேலை தொடங்கும் ஏப்ரலிலேயே எழுதிவிடுங்கள்.

நீர்வளத் துறையின் உங்கள் கோட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். “ஏன் தண்ணீர் வரவில்லை?” என்று கேட்டால் பதில் கிடைக்காது, அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தை அல்ல. மதிப்பீடு, ஒப்பந்த உத்தரவு, அளவுப் புத்தகத்தின் (முடித்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் பதிவேடு) பக்கங்கள், பொக்லைனுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்திருந்தால் அதன் பதிவு, இவற்றின் நகலைக் கேளுங்கள். கூடவே, பிரிவு 2(ஜே)-யின்படி வேலையை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது.

பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் நீங்களே அளந்துவிடலாம். ஆகாயத்தாமரையையும் கோரையையும் வழித்து எடுத்தாலே வாய்க்கால் தூர்வாரியது போலத் தெரியும். தரைமட்டம் இறங்கியிருக்காது. மதகின் அடித்தளத்தைவிட வாய்க்கால் தரை மேடாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மண் வெட்டவே இல்லை. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் டேப் பிடித்து, அகலமும் ஆழமும் தெரியும்படி தேதியுடன் படம் எடுங்கள். வெட்டிய மண்ணைக் கரை விளிம்பிலேயே கொட்டியிருந்தால் அதையும் எடுங்கள். ஐப்பசி மழையில் அது சரிந்து மறுபடி உள்ளேதான் வரும், அடுத்த ஆண்டு அதே மண்ணுக்கு இன்னொரு பில் போடுவார்கள்.

அளவுப் புத்தகத்தின் எண்ணும் உங்கள் டேப்பின் எண்ணும் பொருந்தாவிட்டால், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் படங்களோடு கொடுங்கள். பொறியாளர்கள் அங்கே இருப்பார்கள், எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தனியாகப் போகாமல், அதே வாய்க்காலில் பாசனம் பெறும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஊராட்சிப் பணம் செலவான வேலை என்றால் கிராம சபையே சரியான இடம். மே 1, ஆகஸ்ட் 15 உட்பட ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானமாக எழுதவைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் சட்டமன்ற உறுப்பினரையும் விட்டுவிடாதீர்கள். கடனுக்கும் செலவுக்கும் கை தூக்குபவர் அவர்தான். நீர்வளத் துறையின் மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கு நிதி கேட்டுச் சட்டமன்றத்தில் வைப்பது) விவாதத்துக்கு வருமுன், உங்கள் வாய்க்காலின் அளவுக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

தகவல் 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். அனுப்பும் ஒவ்வொன்றையும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.